குனிந்து பார்க்காமல் வாங்கிய பிக்கப்

2015ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. கனடாவின் டொரோண்டோ நகரில் ஒரு பிறந்தநாள் விருந்தை முடித்துவிட்டு, வடக்கே பேரி நகரில் இருந்த எங்கள் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். வெளியே வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டி இருந்தது. சாலையில் பனி கரைந்து சாம்பல் நிறச் சேறாகக் கிடந்தது. என் பிக்கப்பின் பின்னிருக்கையில் இரண்டு வயது மகன் தூங்கிக்கொண்டிருந்தான்.

நெடுஞ்சாலை 400லிருந்து வெளியேறும் சரிவுப் பாதையில் இறங்கியபோது வழக்கம்போல் பிரேக்கை மிதித்தேன். மிதி, எதிர்ப்பே இல்லாமல் தரைவரை இறங்கியது. ஈரத் துணியை மிதித்ததுபோல் இருந்தது. பாதையின் முடிவில் சிவப்பு விளக்கு. அதன் குறுக்கே வாகனங்கள் போய்க்கொண்டிருந்தன.

"என்னங்க?" என்றார் மனைவி. பதில் சொல்ல எனக்கு நேரமில்லை.

மிதியை அப்படியே அழுத்திப் பிடித்து, கியரைக் குறைத்து, கைப்பிரேக்கையும் போட்டேன். வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, ஓரத்தில் குவிந்திருந்த பனிமேட்டில் மோதி நின்றது. யாருக்கும் காயமில்லை. மகன் கண்விழிக்கக்கூட இல்லை. ஆனால், என் கைநடுக்கம் நிற்க வெகுநேரம் ஆனது.

அந்த வண்டியின் பிரேக் குழாயைத் தின்றது துரு. அந்தத் துருவுக்குத் தீனி போட்டது, சாலையில் கொட்டிய உப்பு. அதைக் கவனிக்காமல் விட்டது நான். இந்தக் கட்டுரை அந்த மூன்றைப் பற்றியதுதான்.

வெளியே பளபளப்பு

நான் கிள்ளானில் பிறந்து வளர்ந்தவன். குளிர்சாதனக் கருவிகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். 2011இல் வேலை கிடைத்துக் கனடா போனேன். ஏணி, கேஸ் தோம்புகள், கருவிப் பெட்டிகள் என்று எப்போதும் பின்னால் சுமை இருக்கும். அங்கே இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பெரும்பாலும் பிக்கப் வைத்திருப்பார்கள். நானும் 2013இல் எட்டு வயதான ஒரு பிக்கப்பை 9,500 டாலருக்கு வாங்கினேன்.

வாங்கும்போது நம் ஊரில் பார்ப்பதைப்போலத்தான் பார்த்தேன். சாயம் நன்றாக இருக்கிறதா, இயந்திரம் சத்தமில்லாமல் ஓடுகிறதா, குளிர்சாதனம் வேலை செய்கிறதா, டயரில் இன்னும் பூ இருக்கிறதா? எல்லாம் சரியாக இருந்தன. விற்றவர் கீழே ஒருமுறை டார்ச்லைட் அடித்தும் காட்டினார். அடிப்பாகம் முழுவதும் புத்தம் புதுக் கறுப்பு. "துரு பிடிக்காமல் இருக்க ரப்பர் பூச்சு அடித்திருக்கிறோம்" என்றார். கறுப்பாக, தடிமனாக, அழகாக இருந்தது. எனக்கு மகிழ்ச்சி.

பழைய வண்டியை வாங்கிச் சாலையில் ஓட்ட, ஒன்டாரியோ மாநிலத்தில் பாதுகாப்புச் சோதனைச் சான்றிதழ் வேண்டும். உரிமம் பெற்ற பட்டறையில் சோதித்துக் கொடுப்பார்கள். அதுவும் இருந்தது. அந்தச் சான்றிதழ் 36 நாட்களுக்குத்தான் செல்லும் என்பதன் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை. சோதித்த அன்று வண்டி எப்படி இருந்தது என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. அடுத்த குளிர்காலத்துக்கு அது உத்தரவாதம் இல்லை.

பிரேக் போன மறுநாள், இழுவை லோரியில் வண்டியை ஏற்றி ஸ்கார்பரோவுக்குக் கொண்டுபோனேன். அங்கே யாழ்ப்பாணத் தமிழர் ஒருவர் பட்டறை வைத்திருக்கிறார். வயதில் மூத்தவர். எல்லாரும் அவரை 'அண்ணை' என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டியைத் தூக்கியில் ஏற்றிவிட்டு, ஒரு சின்னச் சுத்தியலால் சேசிஸை முன்னிருந்து பின்னாகத் தட்டிக்கொண்டே போனார். முன்பக்கம் 'டிங், டிங்' என்று மணிபோல் ஒலித்தது. பின்சக்கரத்தருகே 'டொக்' என்றது.

"தம்பி, இஞ்சை வந்து பாரும்" என்று கூப்பிட்டார். ஸ்குரூ டிரைவரின் முனையை அந்த அழகான கறுப்புப் பூச்சின்மேல் வைத்து அழுத்தினார். பிஸ்கட்டில் இறங்குவதுபோல் உள்ளே போனது. வெளியே இழுத்தபோது செந்நிறத் தூள் கொட்டியது.

"கறளுக்கு மேலை கறுப்பு அடிச்சு மூடியிருக்கினம். உள்ளுக்கை முழுக்கக் கறள். நீர் வண்டியை நிண்டு பாத்து வாங்கினனீர். குனிஞ்சு பாக்கேல்லை."

நாம் துரு என்பதை அவர்கள் கறள் என்கிறார்கள். அந்தச் சொல்லை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். இன்றுவரை மறக்கவில்லை.

பின் அச்சுக்குப் போகும் பிரேக் குழாய், பெட்ரோல் தொட்டிக்கு மேலே, கண்ணுக்கே தெரியாத இடத்தில் வெடித்திருந்தது. முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் பிரேக் எண்ணெய் தனித்தனிப் பாதையில் போவதால், முன் பிரேக் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதனால்தான் நாங்கள் பிழைத்தோம். குழாயை மாற்றிவிடலாம், ஆனால் ஸ்பிரிங் பட்டையைத் தாங்கும் இடத்தில் சேசிஸே ஓட்டையாகிவிட்டது. அதை வெட்டிப் புதிதாக ஒட்டுவதற்கு ஆகும் செலவு வண்டியின் விலையைத் தாண்டிவிடும் என்றார். இரண்டே ஆண்டுகளில் அது பழைய இரும்புக் கடைக்குப் போனது. கிடைத்தது சில நூறு டாலர்.

உப்பு எங்கிருந்து வருகிறது?

பனிநாடுகளில் சாலைக்கு உப்புப் போடுவது, தண்ணீரின் உறைநிலையைக் குறைப்பதற்காக. சாதாரணத் தண்ணீர் 0 டிகிரியில் உறையும். ஏறக்குறைய 23 விழுக்காடு உப்புக் கரைந்த நீர் மைனஸ் 21 டிகிரிவரை உறையாது. அமெரிக்காவின் நியூ ஹாம்ஷியர் மாநிலத்தில் 1930களின் இறுதியில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, கார்களும் நெடுஞ்சாலைகளும் பெருகப் பெருக, உப்பும் பெருகியது. கனடாவில் மட்டும் ஆண்டுக்கு ஏறக்குறைய 5 மில்லியன் டன் உப்பு சாலைகளில் கொட்டப்படுவதாக 2001இல் அந்நாட்டு அரசாங்கத்தின் சுற்றுச்சூழல் மதிப்பீடு குறிப்பிட்டது. ஒன்டாரியோவின் கோடெரிச் நகரில், ஹியூரோன் ஏரிக்கு அடியில் சுமார் 550 மீட்டர் ஆழத்தில், உலகின் மிகப் பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கமே இருக்கிறது.

இந்த உப்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உப்புப் போடாத பனிச்சாலையில் ஒருமுறை வண்டி ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எத்தனை உயிர்களைக் காக்கிறது என்று. ஆனால், சாலையில் நம்மைக் காப்பாற்றும் அதே உப்பு, நம் காலுக்குக் கீழே இரும்பைத் தின்றுகொண்டிருக்கிறது.

துரு பிடிப்பது உண்மையில் ஒரு சின்ன மின்கலம் வேலை செய்வதைப் போன்றது. இரும்பின் ஓரிடம் மின்னணுக்களை இழக்கிறது. இன்னோர் இடத்தில் காற்றிலுள்ள ஆக்சிஜன் அவற்றைப் பெற்றுக்கொள்கிறது. இடையே மின்னோட்டம் நடக்க ஈரம் வேண்டும். தூய தண்ணீரில் மின்சாரம் எளிதில் பாயாது, உப்புத் தண்ணீரில் நன்றாகப் பாயும். அதனால்தான் வேகம் கூடுகிறது. துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் தேவை. அது ஊதிப் பெருக்கும்போது மேலே உள்ள சாயத்தைத் தள்ளிக் கொப்புளமாக்கும். கொப்புளம் உடைந்தால் உப்புநீருக்குப் புதுவழி கிடைத்துவிடும்.

அங்கே போன புதிதில், கடுங்குளிர்தான் வண்டியைக் கெடுக்கிறது என்று நினைத்திருந்தேன். உண்மை வேறு. மைனஸ் 20 டிகிரியில் எல்லாம் கல்லாக உறைந்திருக்கும். அப்போது துரு ஏறக்குறைய தூங்குகிறது. பூஜ்ஜியத்தை ஒட்டி, சேறும் ஈரமுமாக இருக்கும் நாட்களில்தான் அது விழித்துக்கொள்கிறது. உப்புச்சேறு அப்பிய வண்டியைக் கழுவாமல் சூடான கராஜுக்குள் நிறுத்துவதும் ஆபத்து. வெளியே உறைந்து கிடந்த உப்பு, உள்ளே கரைந்து இரவு முழுக்க வேலை செய்யும். வண்டிக்கு நல்லது செய்வதாக நினைத்து நான் செய்த தவறுகளில் இதுவும் ஒன்று.

இப்போது கல்லுப்பு மட்டுமல்ல, பனி விழுவதற்கு முன்பே உப்புநீரைச் சாலையில் கோடு கோடாகத் தெளித்துவிடுகிறார்கள். மிகவும் குளிர்ந்த நாட்களில் சாதாரண உப்பு வேலை செய்யாது. அப்போது கால்சியம் குளோரைடு, மெக்னீசியம் குளோரைடு ஆகியவற்றைப் பயன்படுத்துவார்கள். சில நகரங்களில் சர்க்கரை பீட் கிழங்குச் சாற்றைக்கூடக் கலக்கிறார்கள். இந்தக் கால்சியமும் மெக்னீசியமும் கலந்த உப்புகள் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வெயில் அடித்தாலும் வண்டியின் மூலைமுடுக்குகள் முழுதாகக் காயாது.

பிக்கப்புக்கு ஏன் கூடுதல் ஆபத்து?

நாம் ஓட்டும் பெரும்பாலான கார்களில் உடலும் அடித்தளமும் ஒன்றாகவே இருக்கும். பிக்கப் அப்படியல்ல. இரண்டு நீண்ட இரும்புச் சட்டங்களைக் கொண்ட சேசிஸ்மீது, முன்னறையும் பின்பெட்டியும் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும். அந்தச் சட்டங்கள் பெரும்பாலும் உள்ளே வெற்றிடம் கொண்ட பெட்டி வடிவில் இருக்கும். அவற்றிலுள்ள துளைகள் வழியே உப்புச்சேறு உள்ளே போகும். திரும்பி வர வழியிருக்காது. வெளியே பார்த்தால் நலமாக இருக்கும் சட்டம், உள்ளிருந்து கரைந்துகொண்டிருக்கும்.

இது ஏதோ கவனக்குறைவான என் ஒருவனுடைய கதை என்று நினைத்துவிட வேண்டாம். நம் நாட்டில் ஹைலக்ஸ் எவ்வளவு பேர் பெற்றதோ, வட அமெரிக்காவில் டொயோட்டாவின் டகோமா அவ்வளவு பேர் பெற்றது. 1995 முதல் 2000 வரை வெளிவந்த டகோமாக்களின் சேசிஸ் துருப்பிடித்த விவகாரத்தில், 2008இல் அந்நிறுவனம் உத்தரவாதத்தை 15 ஆண்டுகளாக நீட்டித்தது. மிக மோசமாக அரிக்கப்பட்ட வண்டிகளைச் சந்தை மதிப்பைப்போல் ஒன்றரை மடங்கு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டது. அதன்பின் வந்த மாடல்களுக்காக 2016இல் அமெரிக்காவில் ஒரு வழக்கு சமரசத்தில் முடிந்தது. ஏறக்குறைய 1.5 மில்லியன் வண்டிகள், 3.4 பில்லியன் டாலர்வரை மதிப்பிடப்பட்ட சமரசம் அது. ஃபோர்டு நிறுவனம் 2015 மாடலிலிருந்து எஃப்-150 பிக்கப்பின் உடலை அலுமினியத்துக்கு மாற்றியது. ஆனால் அதன் சேசிஸ் இன்னமும் எஃகுதான்.

பிரேக் குழாய் கதையும் அப்படியே. எனக்கு விபத்து நேர்ந்த அதே 2015இல், அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், பழைய பிக்கப்களின் பிரேக் குழாய்கள் துருப்பிடித்து வெடிப்பது பற்றிய தன் நீண்ட விசாரணையை முடித்தது. உற்பத்திக் குறை என்று அது சொல்லவில்லை. உப்புப் போடும் மாநிலங்களில் வயதான எந்த வண்டிக்கும் வரக்கூடியது என்று சொல்லி, 2007ஆம் ஆண்டு மாடலும் அதற்கு முந்தியவையும் வைத்திருப்பவர்கள் குழாய்களைச் சோதிக்க வேண்டும், குளிர்காலம் முழுக்க அடிப்பாகத்தைக் கழுவ வேண்டும் என்று அறிவுறுத்தியது. அதைப் படித்தபோது, இரண்டு மாதங்களுக்கு முன்னால் படித்திருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது வண்டி

அந்தக் கோடையில் இன்னொரு பிக்கப் வாங்கினேன். இந்த முறை பணம் கொடுப்பதற்கு முன்பே அண்ணையின் தூக்கியில் ஏற்றிவிட்டேன். அவர் தட்டினார், குத்தினார், சட்டத்தின் துளைகளுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். "இது நல்ல சாமான். இனி உம்மடை கையிலதான் இருக்கு" என்றார். அன்று அவர் சொன்ன ஒன்றை என் வண்டியின் கையேட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: "பனிக்குப் பயப்பிடாதையும், உப்புக்குப் பயப்பிடும்."

அன்று முதல் நான் தவறாமல் செய்துவருபவை இவை.

ஆண்டுக்கொருமுறை எண்ணெய். செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ, உப்பு விழுவதற்கு முன், துருத்தடுப்பு எண்ணெய் அடித்துவிடுவேன். இது ரப்பர் பூச்சுபோல் காய்ந்து இறுகாது. ஈரமாகவே இருந்து, இடுக்குகளுக்குள் ஊர்ந்துபோய், தண்ணீரை அண்டவிடாமல் தள்ளும். பெட்ரோலிய எண்ணெயில் செய்தவை உண்டு. ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லனோலின் கொழுப்பில் செய்தவையும் உண்டு. வெளியே மட்டும் அடித்தால் பயனில்லை. சட்டத்தின் உள்ளே, கதவுகளின் அடிப்பகுதிக்குள், கதவுக்குக் கீழுள்ள நீள்பெட்டிக்குள், பின்கதவின் மடிப்புக்குள் நீளக்குழாயை விட்டு அடிக்க வேண்டும். பிரேக் தட்டுகளிலும் புகைக்குழாயிலும் படக்கூடாது. இரண்டு நாள் வீட்டு வாசலில் எண்ணெய் சொட்டும். அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்துவிடுங்கள். எனக்கு ஆகும் செலவு ஆண்டுக்குச் சுமார் 160 டாலர்.

கழுவுதல். குளிர்காலத்தில் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்கு மேல் ஏறும் நாள் பார்த்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது அடிப்பாகத்தைப் பீய்ச்சிக் கழுவும் நிலையத்துக்குப் போகிறேன். மேலே மின்னுவது முக்கியமில்லை, கீழே உப்புப் போக வேண்டும். கடுங்குளிரில் கழுவினால் கதவும் பூட்டும் உறைந்துவிடும். வசந்தம் வந்து முதல் மழை சாலையைக் கழுவியபின், தோட்டக் குழாயைச் சட்டத்தின் துளைக்குள் விட்டு, வரும் தண்ணீர் தெளியும்வரை அலசுவேன். முதல் ஆண்டு அதிலிருந்து ஒரு வாளி மணல் வந்தது.

வடிகால் துளைகள். கதவுகளின் அடியிலும் நீள்பெட்டிகளின் அடியிலும் சிறு துளைகள் இருக்கும். இலையும் மண்ணும் அவற்றை அடைத்தால் கதவே தண்ணீர்த் தொட்டியாகிவிடும். பழைய பல்துலக்கும் தூரிகையும் ஒரு கம்பித் துண்டும் போதும். எண்ணெய் அடிக்கும்போதும் இந்தத் துளைகளை அடைத்துவிடக் கூடாது.

பின்பெட்டி. சுமை ஏற்றுபவர்கள் பெட்டிக்குள் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றைப் பொருத்துவது வழக்கம். அதற்கும் இரும்புக்கும் இடையே மணலும் ஈரமும் தங்கி, வண்டி குலுங்கும்போதெல்லாம் சாயத்தைத் தேய்க்கும். அதனால் ஆண்டுக்கு ஒருமுறை கழற்றி, கழுவி, காயவைக்க வேண்டும். சாயம்போல் தெளித்து ஒட்டவைக்கும் பூச்சு இதைவிட மேல். ஆனால் துருவில்லாத இரும்பின்மேல் மட்டும்தான் அதை அடிக்க வேண்டும்.

கல்லடிபட்ட இடங்கள். முன்மூடியிலும் சக்கர வளைவுகளிலும் பொடிக்கல் பட்டுச் சாயம் தெறித்திருந்தால், இலையுதிர் காலத்திலேயே சுத்தம் செய்து சாயம் தொட்டுவிடுங்கள். மிளகு அளவுப் புள்ளி, மார்ச் மாதத்தில் ஐம்பது சென் காசளவு கொப்புளமாக நிற்கும்.

மாற்றுச் சக்கரம். பிக்கப்பில் இது பின்பெட்டிக்கு அடியில் கம்பிவடத்தில் தொங்கும். அந்த வடமும் துருப்பிடித்து இறுகிவிடும். நெடுஞ்சாலையில் டயர் வெடித்த இரவில்தான் அது இறங்கவில்லை என்று தெரியவரும். ஆண்டுக்கு ஒருமுறை இறக்கி, எண்ணெய் தடவி ஏற்றுங்கள்.

பிரேக் குழாய். ஒவ்வொரு முறை எண்ணெய் மாற்றும்போதும் சோதிக்கச் சொல்லுங்கள். மாற்ற வேண்டி வந்தால், செம்பும் நிக்கலும் கலந்த குழாயைக் கேளுங்கள். அது உப்புக்கு எளிதில் அசையாது. வளைப்பதும் சுலபம். என் இரண்டாவது வண்டிக்கு, பழையது வெடிக்கும்வரை காத்திராமல் நானே கேட்டு மாற்றிக்கொண்டேன்.

கால்மிதி. காலணியில் ஒட்டிவரும் உப்புப்பனி உள்ளே கரைந்து, கம்பளத்தின் அடியில் தேங்கும். தரைத்தகடு மேலிருந்தும் அரிக்கப்படும். ஓரம் உயர்ந்த ரப்பர் மிதியடி வாங்கி, தேங்கும் தண்ணீரை அவ்வப்போது கொட்டிவிடுங்கள்.

இரண்டு விஷயங்களை நான் செய்வதில்லை. ஒன்று, துருவின்மேல் தடித்த பூச்சு அடிப்பது. நல்ல இரும்பில் அடித்தாலும் நாளடைவில் அது வெடித்து, வெடிப்புக்குள் உப்புநீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். துருவின்மேல் அடித்தால், காயத்தைக் கழுவாமல் கட்டுப்போட்டதைப் போலத்தான். என் முதல் வண்டியே அதற்குச் சாட்சி. இன்னொன்று, மின்கலத்தோடு இணைத்தால் துருவைத் தடுக்கும் என்று விற்கப்படும் சின்ன மின்கருவி. மின்சாரத்தால் துருவைத் தடுக்கும் முறை கப்பல்களுக்கும் புதைகுழாய்களுக்கும் உண்மையிலேயே பயன்படுகிறது. ஆனால், அவை எப்போதும் நீரிலோ ஈரமண்ணிலோ மூழ்கியிருப்பதால் மின்சுற்று முழுமையடைகிறது. சாலையில் காற்றில் ஓடும் வண்டிக்கு அந்தச் சூழல் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்துக் குளிர்காலங்களுக்கு எண்ணெய்ச் செலவு சுமார் 1,600 டாலர். இரண்டு குளிர்காலத்தில் இரும்புக் கடைக்குப் போன முதல் வண்டியின் விலை 9,500 டாலர். பணத்தின் கணக்கு அவ்வளவுதான். சரிவுப் பாதையில் மிதி இறங்கிய அந்தச் சில விநாடிகளுக்கு எந்தக் கணக்கில் விலை போடுவது?

நம் ஊருக்கு இதில் என்ன?

கடந்த விடுமுறையில் கிள்ளானுக்கு வந்திருந்தபோது இதையெல்லாம் சொன்னேன். "பனியே இல்லாத ஊரில் எங்களுக்கு எதற்கு?" என்று சிரித்தான் சித்தப்பா மகன். அதே வாரம் ஜப்பானிலிருந்து வந்த 'ரீகண்டிஷன்' எம்பிவி ஒன்றைப் பார்க்க என்னையும் அழைத்துப்போனான். கடையில் வரிசையாக நின்ற வண்டிகள் எல்லாமே கண்ணாடிபோல் மின்னின. இருக்கைகளில் புது வாசனை.

நான் கைக்குட்டையை விரித்து, முழங்காலிட்டுக் கீழே பார்த்தேன். முதல் வண்டியின் அடிப்பாகம் சுத்தம். இரண்டாவதில் ஸ்பிரிங் கைகளும் புகைக்குழாய் இணைப்புகளும் செதில் செதிலாக உரிந்திருந்தன. ஜப்பானின் ஹொக்கைடோவிலும் தோஹொக்குவிலும் கடும்பனி விழும், அங்கேயும் சாலையில் உப்புவகைகளைத் தெளிக்கிறார்கள் என்று சொன்னபோதுதான் தம்பியின் சிரிப்பு நின்றது. பிரிட்டனிலிருந்து வரும் வண்டிகளுக்கும் இதே கதைதான். வண்டியின் ஏல அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள், அடிப்பாகத் துரு பற்றிய குறிப்பு அதில் இருப்பதுண்டு. அதைவிட முக்கியம், வண்டியைத் தூக்கியில் ஏற்றிக் காட்டச் சொல்வது. அடிப்பாகம் முழுக்கப் புதுக்கறுப்பாக இருந்தால், 'ஏன்?' என்று கேளுங்கள். தம்பி முதல் வண்டியை வாங்கினான்.

கனடாவுக்கோ, அமெரிக்காவின் வடமாநிலங்களுக்கோ, ஐரோப்பாவுக்கோ படிக்கவும் வேலைக்கும் போகும் நம் பிள்ளைகள் போன சில மாதங்களிலேயே பழைய வண்டி ஒன்றை வாங்கத் துடிப்பார்கள். கையில் இருப்பதோ கொஞ்சப் பணம். குளிருக்குச் சட்டை வாங்கிக் கொடுத்து அனுப்பும் பெற்றோர், இதையும் சொல்லி அனுப்புங்கள்: வாங்குவதற்கு முன் நம்பிக்கையான ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்து அடிப்பாகத்தைச் சோதிக்கச் சொல். விற்பவருக்கு வேண்டிய பட்டறையாக அது இருக்கக் கூடாது. சோதனைக்கு ஆகும் நூறு டாலரை மிச்சம் பிடிக்காதே.

என் இரண்டாவது பிக்கப் இன்னும் ஓடுகிறது. பத்துக் குளிர்காலம் பார்த்துவிட்டது. சாயம் மங்கிவிட்டது, இருக்கை கிழிந்துவிட்டது. சேசிஸைத் தட்டினால் மட்டும் இன்னமும் 'டிங்' என்கிறது. அன்று பின்னிருக்கையில் தூங்கிக்கொண்டிருந்த மகனுக்கு இப்போது பன்னிரண்டு வயது தாண்டிவிட்டது. ஒவ்வோர் அக்டோபரிலும் அட்டையை விரித்து, டார்ச்லைட்டோடு வண்டிக்கு அடியில் போவது அவன்தான். சுத்தியலும் அவன் கையில்தான்.

சென்ற ஆண்டு உள்ளேயிருந்து குரல் கொடுத்தான்: "அப்பா, இங்கே ஒரு சின்னக் கறள்!"

நானும் குனிந்தேன்.